புகை வீட்டு மாமாவின் தூக்கம்

என் மாமனாரின் குறட்டையை முதல் தடவை கேட்டவர்கள் யாரும் அதைக் குறட்டை என்று நம்பியதில்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த இறப்பர் தோட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், லயத்துக்குப் பின்னால் மரம் அறுக்கிற மெஷின் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்பார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை. கவலை இல்லாத மனுஷனுக்குத்தான் இப்படித் தூக்கம் வரும், நெஞ்சில் பலம் இருப்பவனுக்குத்தான் இப்படிச் சத்தம் வரும் என்று சொல்வார்கள். அது தூக்கமே இல்லை, மனுஷன் மூச்சு முட்டிச் சாகப் பார்க்கிறார் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கண்டுபிடித்தேன். இதை நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

தெஹியோவிட்ட பஜாருக்கு நான் வந்தது மூட்டை தூக்க. பிறகு லொறிக் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்த லொறி, அதற்குப் பிறகு சொந்தக் கடை. சுற்றுவட்டாரத்துச் சின்னக் காணிக்காரர்களிடம் இறப்பர் ஷீட் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரம். ஒரு ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேனானால் அது முதலாம் தரமா மூன்றாம் தரமா என்று கண் இமைக்க முன்னம் சொல்லிவிடுவேன். சிங்களமோ, அந்த ஊர்ச் சிங்களவர்களே “முதலாளி, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்” என்று கேட்கிற அளவுக்கு வரும்.

மாமாவுக்கு வேலை தோட்டத்துப் புகை வீட்டில். இறப்பர் மரத்தில் வெட்டிக் கொண்டுவரும் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, அந்த ஷீட்டுகளை உள்ளே மூங்கில்களில் தொங்கப் போடுவார்கள். கீழே அடுப்பில் இறப்பர் விறகு எரியும். புகை ஏற ஏற ஷீட் காய்ந்து தேன் நிறத்துக்கு வரும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. இளவட்டத்தில் உள்ளே போனவர், நரைத்த பிறகும் அங்கேதான் இருந்தார். போதாததற்குச் சுருட்டு வேறு.

அவருக்கு வருஷக்கணக்காக இருமல். ஏற்றத்தில் நடந்தால் பாதியில் நின்று மரத்தைப் பிடித்துக்கொள்வார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தோட்டத்து மருந்துக்காரர் இருமலுக்கு ஒரு சிரப் கொடுப்பார். குடித்தால் ஆளை அப்படியே அசத்திப்போடும். அதோடு சளிக்கு நல்லது என்று சாயங்காலம் கொஞ்சம் சாராயம். ஆனால் மாமா நம்பிய பெரிய மருந்து இது எதுவுமில்லை. இருமல் கூடினால் வேலை இல்லாத நேரத்திலும் புகை வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொள்வார்.

“புகை படாத ஷீட்டுலதான் மாப்ள பூஞ்சணம் பூக்கும். நெஞ்சும் அப்படித்தான். எனக்கு மட்டும் இந்தப் புகை இல்லேன்னா எப்பவோ உள்ளுக்குள்ள அழுகிப் போயிருக்கும்” என்பார்.

புகை வீட்டு ஆட்கள் எல்லோருக்குமே இந்த நினைப்பு இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஷீட் கெடாமல் இருக்கிறதே, எப்படி நம்பாமல் இருப்பார்கள்?

இதோடு பகல் தூக்கம். சோறு பிசைந்தபடி தூங்குவார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். அவர் மகளை நான் பெண் கேட்டுப் போன அன்றைக்கு, பையனுக்கு என்ன வருமானம் என்று ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்லத் தலை மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. சம்மதம் என்று தலையாட்டிவிட்டார் என்று எல்லோரும் வெற்றிலையை எடுத்துவிட்டார்கள். என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள், அப்பா விழித்திருந்தால் உங்களுக்குக் கொடுத்திருக்கமாட்டார் என்று.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷங்கள் போன பிறகு தோட்டத்தை நடத்த ஒரு புதுத் துரை வந்தார். இளம் சிங்கள ஆள், கண்டிப்பானவர். ஒரு நாள் மத்தியானம் புகை வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால், அடுப்பு கொழுந்து விட்டு எரிகிறது, மாமா அடுப்பு வாசலில் மல்லாந்து கிடக்கிறார். மேலே காய்ந்த ஷீட். ஒன்று அறுந்து விழுந்திருந்தால் கட்டடமே போயிருக்கும். மாமா குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று துரை நினைத்துவிட்டார். இன்னொரு தடவை வேலை நேரத்தில் தூங்கக் கண்டால் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்தில் பேரை வெட்டி, வேலை முடிந்ததென்று பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிப்போனார். பேர் வெட்டினால் லயத்து அறையையும் விட்டுவிட வேண்டும். மாமாவுக்கும் அத்தைக்கும் அந்த ஒரு அறையும், அதற்கு முன்னாலிருக்கிற மரவள்ளிப் பாத்தியும்தான் உலகம்.

எங்கள் வீட்டுக்கு வந்து இருங்கள் என்று கேட்டேன். பஜாரில் மாடி வீடு, பின்னால் கிணறு. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்காருவதா? அதற்குப் பதில் களனி ஆற்றில் தள்ளிவிடுங்கள் என்றார். அப்படியே சொல்லி முடிக்க முன்னம் தூங்கியும் போனார்.

அந்தக் கிழமை நான் வெறும் லொறியோடு அவிசாவளைக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல இருமல் மருந்து வாங்கலாம் என்று மாமாவை முன் சீட்டில் ஏற்றினேன். பஜார் எல்லை தாண்டவில்லை, குறட்டை தொடங்கிவிட்டது. என் லொறி என்ஜின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று ஒரே அமைதி. என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து லொறியை ஓரம் கட்டிவிட்டேன். பார்த்தால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றது மாமா!

நல்ல பகல் வெளிச்சம். ஆள் தலை சாய்ந்து கிடக்கிறார். வயிறும் நெஞ்சும் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, ஏதோ பாரம் இழுக்கிற மாதிரி இழுக்கிறது. ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் என் கையை வைத்தால் காற்றே இல்லை. உதடு நாவல்பழம் தின்றவர் வாய் மாதிரி ஆகிவிட்டது. நான் தோளைப் பிடித்து உலுக்கப் போகும்போது, கிணற்றில் முங்கியவன் எழும்புகிற மாதிரி ஒரு பெரிய மூச்சு. உடனே பழையபடி குறட்டை. நான் உலுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். மறுபடியும் நின்றது. மறுபடியும் இழுவை, மறுபடியும் அந்தப் பெரிய மூச்சு. பிஸ்டன் ஓடுகிறது, காற்று வருகிற வழி அடைபட்டிருக்கிறது! லொறிக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? இத்தனை காலமும் எல்லோரும் நெஞ்சையே பார்த்திருக்கிறார்கள், அடைப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அவிசாவளை மருந்து இதற்குப் போதாது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். அடுத்த லோடு கொழும்புக்குப் போனபோது பின்னால் ஷீட், முன்னால் மாமா.

பெரியாஸ்பத்திரியின் நெஞ்சு கிளினிக்கில் திருவிழாக் கூட்டம். வாசலில் நின்றவனோடு சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி, அவன் ஊரையும் சொந்தத்தையும் விசாரித்து, மாமாவுக்கு ஒரு பெஞ்சு பிடித்துவிட்டேன். உள்ளே இருந்த டொக்டர் சீமையில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். குழாயை வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், வீங்கியிருந்த காலை அமுக்கிப் பார்த்தார். பழைய நெஞ்சு வியாதி, புகையால் வந்தது என்று சொல்லி மருந்து எழுதத் தொடங்கினார். நான் விடவில்லை. லொறியில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மூச்சு நிற்பதை நானே மூச்சை அடக்கிச் செய்து காட்டினேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தடவை செய்து காட்டு என்றார். செய்து காட்டினேன். இவர் தூங்குவதை நான் பார்க்க வேண்டுமே, எப்படித் தூங்க வைக்கலாம் என்று கேட்டார். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் டொக்டர், முதுகு சாய்க்க ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள், மீதியை மாமா பார்த்துக்கொள்வார் என்றேன்.

சொன்ன மாதிரியே ஆயிற்று. உட்கார்ந்தார், போய்விட்டார். கிளினிக் சுவரெல்லாம் அதிர்ந்தது. பிறகு அந்த அமைதி. டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பக்கத்து அறையிலிருந்த படிக்கிற டொக்டர்களை எல்லாம் கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டுகள் சுற்றி நிற்க, இதோ நின்றது, இதோ வருகிறது என்று கிரிக்கெட் மேட்சுக்குச் சொல்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் மாமா கண்ணைத் திறந்தார். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக ஆட்கள்.

“மாப்ள, நான் போயிட்டேனா?”

“இன்னும் இல்ல மாமா.”

“அப்ப ஏன் இத்தன பேரு வந்திருக்காங்க?”

டொக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நன்றாகத்தான் விளக்கினார், நானும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். இவருக்கு ஒரு வியாதி இல்லை, இரண்டு. ஒன்று நெஞ்சில். புகையும் சுருட்டும் சேர்ந்து மூச்சுக் குழாயைக் கெடுத்துவிட்டன. இன்னொன்று தொண்டையில். தூங்கும்போது தொண்டைச் சதை நனைந்த துணி மாதிரித் தொய்ந்து வழியை மூடிக்கொள்கிறது. மூச்சு முட்டுவதால் மூளை அவரை எழுப்பிவிடுகிறது. ஆனால் எழும்பியதே அவருக்குத் தெரியாது. இப்படி இராத்திரி முழுக்க நடந்தால் பகலில் தூங்காமல் என்ன செய்வார்? நல்ல நெஞ்சுக்காரன் இதைக் கொஞ்சம் தாங்குவான். இவருக்குக் கையிருப்பே குறைவு. இரண்டும் சேர்ந்து இருதயத்தை அழுத்துவதால்தான் கால் வீங்குகிறது. நெஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்து என்ன பிரயோசனம்? இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அந்த இருமல் சிரப்பும் சாராயமும் தொண்டையை இன்னும் தொய்ய வைப்பவை, இன்றோடு நிறுத்து. கழுத்துச் சதை குறைய வேண்டும், சோற்றைக் குறை. மல்லாந்து படுக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, புகை வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. இதற்கும் சரி வராவிட்டால் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாமா, புகை வீடு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் சிங்களம் நன்றாக வரும். புகையை விட்டால் நெஞ்சு பூஞ்சணம் பிடித்துவிடும் என்று டொக்டருக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

“மாமா, அத வெளிச்சத்துல பாருங்க. ஷீட் பாக்கிற மாதிரிப் பாருங்க.”

மாமா கிட்டப் போனார். ஒரு கண்ணைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஆயுசு முழுக்க ஷீட் பார்த்த மனுஷன். இரண்டு பக்கமும் கறுகறுவென்று இருந்தது.

“இது புகை கூடிப்போன ஷீட்டு. எந்த மடையன் போட்ட புகை இது?”

“நீங்க போட்டதுதான் மாமா. உங்க நெஞ்சுதான் அது.”

டொக்டர் நேர்மையான மனுஷன். கறுப்பாக இருப்பது புகை இல்லை, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தங்கி நெஞ்சு ஊதிப்போயிருக்கிறது, எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகத்தான் தெரியும் என்று திருத்தினார். மாமா அவரை ஏறிட்டுப் பார்த்து, அந்தக் காற்றை வெளியே வரவிடாமல் வைத்தது யார் என்று கேட்டார். புகைதான் என்று டொக்டர் ஒத்துக்கொண்டார். அப்படியானால் நான் சொன்னதும் சரிதானே என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த சுருட்டை எடுத்து மேசையில் வைத்தார். நான் அன்றைக்கு அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

லயத்துக்கு வந்ததும் வேலையை நானே கையில் எடுத்தேன். தலைமாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்திய கட்டில். மாத்திரை, வாயில் வைத்து அமுக்கி உறிஞ்சுகிற சின்னப் பம்ப், கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. சிரப் போத்தலை அத்தை கழிவுநீர்க் கானில் கவிழ்த்தார். மல்லாந்து படுக்காமலிருக்க முதுகில் ஏதாவது தைத்து விடச் சொல்லியிருந்தார் டொக்டர். அத்தை முதலில் ஒரு சிரட்டையை வைத்துத் தைத்தார். மாமா போட்ட சத்தத்தில் லயமே எழும்பிவிட்டது. பிறகு நான்தான் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, கைக்கடங்கும் தோடம்பழ அளவு பந்து ஒன்று செய்தேன். பெனியனின் முதுகில் பை தைத்து அதற்குள் போட்டோம். மல்லாந்தால் பந்து தள்ளும், ஆள் தானாகப் பக்கவாட்டில் உருண்டுவிடுவார். சீமையில் படித்த டொக்டருக்கே இந்தப் பந்தைக் காட்டியபோது கையில் வாங்கி அமுக்கி அமுக்கிப் பார்த்தார்!

லயத்தில் விடுவார்களா? தண்ணீர்ப் பீலியடியில் பெனியனோடு நின்ற மாமாவைப் பார்த்து, பால் வெட்டுகிற பெண் ஒருத்தி கேட்டாள்.

“என்னா பெரியப்பா, முதுகுல முட்ட போட்டு வச்சிருக்கீங்க?”

“பொரிக்கட்டும், ஒனக்கு ஒரு குஞ்சு தாரேன். ஒன் புருசனுக்குக் கொழம்பு வச்சுக் குடு.”

மூச்சு வாங்காமல் அவ்வளவு நீளமாக மாமா பேசி நான் கேட்டதே இல்லை. சுருட்டை விட்டதில்தான் படாத பாடு பட்டார். கறிவேப்பிலைக் காம்பை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் திட்டினார். ஆனால் குறட்டை குறைந்தது. கால் வீக்கம் வடிந்தது. அடுத்த கிளினிக்குக்கு அழைத்துப்போனபோது கொழும்பு வரை கண் மூடவே இல்லை. என் டிரைவிங்கை முதன்முதலாக முழித்திருந்து பார்த்தார் போலிருக்கிறது, வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே வந்தார். தூங்கும்போதே நன்றாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. தொண்டையில் துளை இப்போது வேண்டாம், இந்த வியாதி இரண்டும் போய்விடவில்லை, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது, புகைக்கு மட்டும் திரும்பாதே என்றார் டொக்டர்.

அங்கேதான் சிக்கல். இவ்வளவு நாளும் மருந்துக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் லீவு. இனி வேலைக்குப் போனால் புகை வீடு. போகாவிட்டால் பேர் வெட்டு. நான் நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துரையின் ஒபிசுக்குப் போனேன். ஷீட் தரம் பிரிக்கிற அறையில் மாமாவைப் போடுங்கள், அங்கே புகை இல்லை, அவர் கண்ணுக்கு இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை என்றேன். துரை சிரிக்கவில்லை. அடுப்பு வாயில் தூங்குகிறவன் பெஞ்சிலும் தூங்குவான், தூங்குகிறவனுக்குச் சம்பளம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். டொக்டர் சொன்னதை நான் சொன்னால் அவர் காதில் ஏறவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சரி மாத்தியா, பரீட்சை வையுங்கள் என்று சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, நல்லாய் இருக்கிறவனே கண் சொக்குகிற நேரத்தில், அவரைத் தரம் பிரிக்க உட்கார வையுங்கள். நீங்கள் எந்த நேரம் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். தூங்கினால் என் லொறியிலேயே அவர் சாமான்களை ஏற்றி, அன்றைக்கே அறையைக் காலி பண்ணிக் கொடுக்கிறேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கே லொறியைக் கொண்டு வா என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டேன். லயத்தில் விஷயத்தைச் சொன்னதும் அத்தைக்கு அழுகை. யாரைக் கேட்டுப் பந்தயம் கட்டினீர்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. மறுநாள் நான் லொறியைக் கொண்டுபோய் லயத்தடியில் நிறுத்தினால், சட்டி பானை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தார். அம்மிக்கல்லை ஏற்கெனவே லொறிக்குள் ஏற்றியும் விட்டார்.

மாமா சோறு கொஞ்சமாகத்தான் தின்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்டோர் ஐயாவை, அதாவது ஷீட் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவரை, பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்காணிக்கச் சொல்லியிருந்தார் துரை. நான் வாசலுக்கு வெளியே. நல்ல வெயில், தகரக் கூரை. காற்றே இல்லை. மாமா ஷீட்டை எடுக்கிறார், ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார், ஒதுக்குகிறார், அடுத்ததை எடுக்கிறார். எனக்குத்தான் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். ஒரு தடவை அவர் தலை கொஞ்சம் கீழே போயிற்று. என் உயிரும் கூடவே போயிற்று. கீழே விழுந்த ஷீட்டைத்தான் எடுத்தார்.

துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் பின்பக்கக் கதவால் வந்தார். நானும் உள்ளே எட்டிப் பார்த்தேன். அறைக்குள் அருமையான ஒரு குறட்டை கேட்டது. துரையின் முகத்தில், நான் சொன்னது சரியாகிவிட்டது பார் என்று ஒரு சிரிப்பு. இரண்டு அடி முன்னால் வந்தார், நின்றார். ஸ்டோர் ஐயா நாடியை நெஞ்சில் புதைத்து, வாயைத் திறந்து, அப்படியொரு தூக்கம். மாமா கையில் ஷீட்டோடு திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க தொரை. பாவம், அசந்துட்டாரு.”

துரை சிரித்துவிட்டார். அந்த மனுஷன் சிரித்ததை அதற்கு முன்னம் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஸ்டோர் ஐயா துள்ளி எழும்பி, தூங்கவில்லை, கண்ணில் தூசி என்றார். துரை அவரைக் கவனிக்கவே இல்லை. ஒதுக்கி வைத்த ஷீட்டுகளில் மேலேயிருந்ததை எடுத்துத் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து பெரியவருக்குப் பேர் இங்கேதான் போட வேண்டும், புகை வீட்டுக்கு வேறு ஆள் பார் என்று ஸ்டோர் ஐயாவிடம் சொல்லிப்போனார்.

நான் ஓடினேன். அந்த வயதில் அந்த ஏற்றத்தில் ஓடினேன். அத்தை லயத்து வாசலில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியதில் எனக்கு வார்த்தை வரவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எழும்பி முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார், அரிசிப் பானையை அதன் இடத்தில் வைத்தார். பிறகு லொறியைப் பார்த்தார்.

“மாப்ள, அம்மிய மட்டும் எறக்கிக் குடுத்துடுங்க. ராவைக்கு அரைக்கணும்.”

என்னிடம் சாமான் ஏற்றி இறக்க மூன்று கூலி ஆட்கள் இருந்த காலம் அது. சட்டையைக் கழற்றி லொறிக் கதவில் போட்டுவிட்டு, அம்மியை நானே தோளில் தூக்கினேன்.